அடுத்த வாரம் யார் வீட்டில்?

புதுவை கிராமங்களில் வீடு வீடாக நடக்கும் விவிலிய வாசிப்பு எதைத் திறந்துவிட்டிருக்கிறது, எந்த வாசலில் தயங்கி நிற்கிறது?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர். பழைய ஆட்களுக்குச் சர்க்கரை ஆலை அடையாளம், இளசுகளுக்கு மருத்துவக் கல்லூரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதையும் தாண்டி மதகடிப்பட்டு வந்தால் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லை இன்னும் வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. கத்தோலிக்கருக்கு மட்டும் அந்த எல்லை கிடையாது. வில்லியனூர், விழுப்புரம், திண்டிவனம், கடலூர் எல்லாமே ஒரே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம். 1877இல் எழுந்த வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் கொடியேறினால் இரண்டு பக்கத்து ஜனமும் வந்து சேரும். இந்துக்களும் வருவார்கள்.

திருவிழா எல்லோருக்கும் தெரியும். வெளியே தெரியாமல் நடப்பது அன்பியக் கூட்டம். இருபது முப்பது கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்தால் ஓர் அன்பியம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர். வேலைக்குப் போனவர்கள் திரும்பி, கை கால் கழுவி, உலையை இறக்கிய பிறகு, ஏழு ஏழரை மணிக்கு ஒரு வீட்டில் கூடுவார்கள். டி.வி.யை அணைத்துவிட்டு அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல், அதன்மேல் வெளுத்த துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, திறந்து வைத்த திருவிவிலியம். வயசானவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். பங்குத்தந்தையால் எல்லாக் கூட்டத்துக்கும் வர முடியாது. சிஸ்டர் யாராவது வந்தால் உண்டு. நடத்துவது அந்தத் தெருப் பெண்கள்தான். ஆண்கள் வந்தால் வாசல் ஓரம் நிற்பார்கள். பாதி நாள் வரவே மாட்டார்கள். முடியும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும்: "அடுத்த வாரம் யாரு வூட்டுல?"

அந்தக் கேள்வி முக்கியமானது. விவிலியத்தை எப்படிப் படிப்பது என்று விளக்க நூறு புத்தகம் இருக்கிறது. யார் வீட்டில் உட்கார்ந்து படிப்பது என்பதைத் தெருதான் முடிவு செய்கிறது.

ஏழு படி

எடுத்துக்கொள்வது பெரும்பாலும் வரப்போகிற ஞாயிறு பூசையின் நற்செய்தி. படிக்கிற முறைக்கு 'ஏழு படி' என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரண்டு ஜெர்மானியக் குருக்கள் உருவாக்கியது. பின்னாளில் இருவரும் அந்த நாட்டிலேயே ஆயர்களானார்கள். குரு எப்போதாவதுதான் வந்து போகிற கிராமங்களில் மக்கள் தாங்களே கூடி நற்செய்தியைப் படிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை சிறு சமூகங்கள் சேர்ந்த சமூகமாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதன் பிறகு இந்த முறை ஆசியப் பங்குகளில் வேகமாகப் பரவியது. நம் பக்கம் அது அன்பியங்களோடு வந்து நிலைத்தது.

முதலில் ஒருவர் தன் சொந்த வார்த்தையில் ஆண்டவரை அந்த வீட்டுக்குள் அழைக்கிறார். அடுத்து ஒருவர் பகுதியை வாசிக்கிறார். மூன்றாவது படிதான் இந்த முறையின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டதில் மனதில் பட்ட ஒரு சொல்லை, அல்லது ஒரு சின்ன வாக்கியத்தை, நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. ஒருவர் முடித்ததும் அடுத்தவர். எழுத்தே தெரியாத பாட்டியும் இதைச் செய்யலாம். காதில் விழுந்த ஒரு சொல்லைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். புதிதாக வந்தவளுக்கு முதலில் குரல் எழும்பாது. பக்கத்தில் இருப்பவள் முழங்கையால் லேசாக இடிப்பாள்: "சொல்லுக்கா, சும்மா சொல்லு." தலையை நிமிர்த்தாமல் ஒரு சொல் வரும். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் தெளியும். மூன்றாம் தடவை கூடியிருக்கிற எல்லோருக்கும் கேட்கும்.

நான்காவது படி மௌனம். ஐந்தாவது பகிர்வு. இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: பிரசங்கம் கூடாது, அடுத்தவர் சொன்னதைத் திருத்தக் கூடாது, தன் வாழ்க்கையிலிருந்துதான் பேச வேண்டும். "இதைக் கேட்டப்ப எனக்கு இன்னா தோணுச்சுன்னா" என்றுதான் பேச்சு தொடங்கும். மத்தேயு 20ஆம் அதிகாரத்து உவமை வருகிற வாரம் இந்தப் படிக்குத் தனிச் சூடு வந்துவிடும். திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் ஆள் எடுக்கிறார், நடுப்பகலில் எடுக்கிறார், பொழுது சாய்கிற நேரத்திலும் எடுக்கிறார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே கூலி. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய் வந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் முதலில் ஓடுவது கணக்கு. விடிந்ததிலிருந்து வெயிலில் நின்றவளுக்கும் ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரே காசா? அதைத் தாண்டி இன்னொரு கேள்வியும் எழும். சாயங்காலம் வரை அவனை ஏன் யாரும் கூப்பிடவில்லை? வயசானவனா, உடம்புக்கு முடியாதவனா? வேலை கிடைக்காத நாளில் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். நிகரகுவா நாட்டின் சொலெந்தினாமே தீவுகளில் எர்னெஸ்தோ கார்தெனால் என்ற கவிஞரான குரு, விவசாயிகளும் மீனவர்களும் நற்செய்தியைப் பற்றித் தங்களுக்குள் பேசியதைப் பதிவு செய்து 1970களில் புத்தகமாக்கினார். மேடையிலிருந்து யாரும் சொல்லாத வியாக்கியானங்கள் அதில் வந்தன. நம் தெருக்களில் பேசப்படுவதை யாரும் எழுதி வைப்பதில்லை. இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஆறாவது படி வேலை. படித்ததை வைத்து இந்த வாரம் தெருவில் என்ன செய்யப் போகிறோம்? ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்ப்பதா, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதித் தருவதா, பேச்சு நின்றுபோன இரண்டு வீடுகளைச் சேர்த்து வைப்பதா? ஏழாவது, முடிவுச் செபம். பல இடங்களில் ஐந்திலிருந்து நேரே ஏழுக்குத் தாவிவிடுகிறார்கள். ஆறாவதின் இடத்தில் ஐம்பத்து மூன்று மணி செபமாலை வந்துவிடுகிறது, அதன் பிறகு திருவிழா வரிக் கணக்கு. செபமாலையை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த மண்ணில் விசுவாசத்தைத் தூக்கிச் சுமந்தது அதுதான். ஆனால் ஆறாவது படி இல்லையென்றால் கூட்டம் படித்ததைக் கூட்டத்துக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போகிறது.

புத்தகம் வீட்டுக்குள் வந்த கதை

வீட்டில் கூடி வேதம் படிக்கும் பழக்கம் தமிழ்க் கரைக்கு முதலில் வந்தது சீர்திருத்த சபை வழியாக. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் பிலிப் யாக்கோப் ஸ்பெனர் என்ற போதகர் 1670இல் தன் வீட்டில் சிறு கூட்டங்களைத் தொடங்கினார். கோயில் பிரசங்கம் மட்டும் போதாது, சாதாரண மக்கள் கூடிப் படித்துப் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த மரபில் ஹாலேயில் படித்த மறைபணியாளர் சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அப்படி ஒன்று அச்சானதில்லை. 1733இல் தமிழர்களில் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன், கடலூரில் பிறந்தவர்.

அந்த அச்சுப் புத்தகம் போய்ச் சேர்ந்த கைகளில் ஒன்று ராஜநாயக்கனுடையது. தஞ்சாவூர் மன்னர் படையில் இருந்தவர், தலித், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்திகளையும் திருத்தூதர் பணிகளையும் படித்து, 1720களின் கடைசியில் லுத்தரன் சபைக்குப் போய் உபதேசியார் ஆனார். 1740களில் அவருக்குக் குருப்பட்டம் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதால் பட்டம் கொடுக்கவில்லை. படிக்கக் கொடுத்தார்கள், போதிக்க அனுப்பினார்கள், அப்பத்தை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை.

கத்தோலிக்கப் பக்கம் கதை வேறு. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726இல் முடிந்தது; 3,615 பாடல்களில் சூசையப்பரின் கதை, கூடவே விவிலியத்தின் பெரும்பகுதிக் கதைகள். புலவர்களுக்கு அது. சாதாரண ஜனத்துக்குச் சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகத்தின் கேள்வி பதில், செபப் புத்தகம், பாஸ்கா நாடகம், உபதேசியார் வாய்வழி சொன்ன கதைகள். பூசை லத்தீனில். புதுவை மிஷன் அச்சகம் 1840இல் தொடங்கிப் புத்தகம் புத்தகமாக அச்சிட்டது. அதை நடத்திய துய்ப்புய் சுவாமி 1844இல் புதுச்சேரியில் தமிழ்ப் பெண்களுக்கென்று மாதாவின் மாசற்ற இருதய சபையை நிறுவினார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது அதன் முதல் வேலை. வீட்டுப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அந்தச் சிஸ்டர்களிடம் எழுத்துப் படித்த பெண்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும்தான் விவிலியத்தைத் தங்கள் கையில் எடுத்துக் கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கத் தொடங்கினார்கள். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிப் போயிற்று.

கதவு திறந்தது ரோமில். 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மூலமொழிகளிலிருந்து மொழிபெயர்ப்பதை ஊக்குவித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், எல்லா விசுவாசிகளுக்கும் விவிலியம் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. 1969இல் பூசை வாசகங்கள் மாற்றியமைக்கப்பட்டன. வருஷா வருஷம் அதே பகுதிகள் திரும்பி வந்துகொண்டிருந்த நிலை போய், மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மூன்றாண்டுச் சுற்று வந்தது. அன்பியத்தில் ஞாயிறு நற்செய்தியை எடுத்துப் படிப்பவர்கள் தங்களையறியாமல் மூன்று ஆண்டில் இந்த நற்செய்திகளின் பெரும்பகுதியைக் கடந்துவிடுகிறார்கள்.

அந்த மாற்றத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் வேறு ஊர்க்காரர் அல்ல. இதே மறைமாவட்டத்துக் கல்லேரியில் 1932இல் பிறந்த அமலோற்பவதாஸ். அண்ணன் லூர்துசாமி பின்னாளில் கர்தினால் ஆனவர். தம்பி 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். சாமியாருக்கு மட்டும் பயிற்சி போதாது, பொதுமக்களும் விவிலியத்தோடு உட்கார வேண்டும் என்று நாடு முழுக்க ஆட்களைத் தயார் செய்தது அந்த மையம். 1990இல் சாலை விபத்தில் இறந்தார். அவர் மண்ணிலேயே, திண்டிவனத்தில் இருக்கிற தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம்தான் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியத்தை 1995இல் கொண்டுவந்தது. ஸ்டூல்மேல் திறந்து வைத்திருப்பது அந்தப் புத்தகம். அதில் உழைத்த அறிஞர்களுக்கு இந்தத் தெருக்கள் கடன்பட்டிருக்கின்றன.

சம்பா கோயில் சுவர்

புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது. வீடுகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது?

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு பதிவு உண்டு. புதுச்சேரிச் சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் தலித் கிறிஸ்தவரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியாரின் தூண்டுதலில், எல்லோரும் ஒரே வேதத்தின் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று தலித் மக்கள் கேட்டார்கள். சுவரை இடித்தார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போய்க் குருவிடம் சண்டைக்கு வந்தார்கள். அன்றைய கட்டடம் இப்போது இல்லை; 1791இல் கட்டிய பேராலயம் நிற்கிறது. கேள்வி கேட்டவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

சுவர் போன பிறகும் பிரிவினை போகவில்லை. 2008 மார்ச்சில், இதே உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டதை ஒட்டி மூண்ட மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதாவைக் கும்பிட்டவர்கள், ஒரே நற்செய்தியைக் கேட்டவர்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, சாதிப் பாகுபாடு பாவம் என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த வாக்கியம் வர இத்தனை காலம் ஆகியிருக்கக் கூடாது. வந்த பிறகாவது அது ஒவ்வொரு பங்கிலும் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அன்பியம் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் பிரிப்பது நியாயமாகத்தான் படுகிறது. பெண்கள் இரவில் தூரம் நடக்க வேண்டாம், பிள்ளைகளைக் கூட்டி வரலாம். ஆனால் நம் கிராமங்களில் தெரு என்றாலே சாதி. ஊர்த்தெரு தனி, தலித் குடியிருப்பு தனி, நடுவில் வயலோ வாய்க்காலோ சாலையோ இருக்கும். தெருவாரியாக அன்பியம் பிரித்தால் சாதிவாரியாகப் பிரித்ததாகவே முடிகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை, வரைபடமே அதைச் செய்துவிடுகிறது. பல ஊர்களில் கத்தோலிக்கர் எல்லோரும் ஒரே சமூகத்தவர், அங்கே இந்தப் பிரச்சினை எழாது. இரண்டு தெருவும் உள்ள பங்கில் எழுகிறது. கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமலே காலம் தள்ள முடிகிறது. கோயில் எல்லோருக்கும் பொது. வீட்டுக்குள் விடுவதற்குத்தான் மனசு வேண்டும்.

கிறிஸ்தவம் தொடங்கியதே வீடுகளில்தான். முதல் இரண்டு நூற்றாண்டுகளில் கோயில் என்று தனிக் கட்டடம் அநேகமாக இல்லை. பவுல் தன் கடிதங்களில் வாழ்த்துச் சொல்லும்போது அக்கிலா, பிரிஸ்கா வீட்டில் கூடும் சபையையும் நிம்பா என்ற பெண்ணின் வீட்டில் கூடும் சபையையும் சொல்கிறார். சிரியாவின் துரா-எவ்ரோபோஸில் அகழ்ந்தெடுத்த, மூன்றாம் நூற்றாண்டு வழிபாட்டிடமும் மாற்றிக் கட்டிய ஒரு வீடுதான். அந்த நாட்களின் பெரிய சண்டையும் வீட்டைப் பற்றியது. திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரத்தில் பேதுரு, கொர்னேலியு என்ற உரோமைப் படைத்தலைவரின் வீட்டுக்குள், யூதர் நுழையக் கூடாது என்று கருதப்பட்ட வீட்டுக்குள், போகிறார். அடுத்த அதிகாரத்தில் எருசலேமுக்குத் திரும்பியதும் சொந்த ஆட்களே அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் அங்கே போதித்தது அவர்களுக்குக் குற்றமாகப் படவில்லை. உள்ளே போனதும் கூட உட்கார்ந்து சாப்பிட்டதும்தான் புகார். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் நாளைக்கே எழக்கூடிய புகார் அது. இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே மாலையில் சேர்த்துப் படிக்காத அன்பியம் இருக்கக் கூடாது.

யோவான் 4ஆம் அதிகாரமும் அப்படித்தான். மத்தேயு ஆண்டின் தவக்காலத்தில் மூன்றாம் ஞாயிறு நற்செய்தி அதுதான். இயேசு கிணற்றடியில் உட்கார்ந்து சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். நீர் யூதர், நான் சமாரியப் பெண், என்னிடம் எப்படிக் கேட்கிறீர் என்று அவள் ஆச்சரியப்படுகிறாள். மொண்டு குடிக்க அவரிடம் பாத்திரம்கூட இல்லை, அவள் குடத்திலிருந்துதான் வாங்க வேண்டும். டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்த தமிழருக்கு இந்தப் பகுதிக்கு உரை தேவையில்லை. அன்பியத்தில் இது வாசிக்கப்படுகிற மாலையிலும் கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டு அம்மா தட்டில் தண்ணீரும் டீயும் எடுத்துக்கொண்டு வருவார். ஊர்த்தெருக்காரர்கள் தலித் வீட்டில் உட்கார்ந்திருந்து அந்தத் தம்ளரை வாங்கிக் குடித்தார்களானால் அந்த ஆண்டின் ஆறாவது படி அதுதான், வேறு தனியாகத் தேட வேண்டாம்.

இளைஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை. விவிலிய வினாடி வினாவுக்கு இந்தப் பங்குகளில் நல்ல வரவேற்பு. மெத்துசேலாவின் வயதைக் கேட்டால் 969 என்று பட்டென்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். அதே பிள்ளைகளை அன்பியத்தில் வாசிக்கச் சொல்ல வேண்டும், பேச விட வேண்டும். அவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளோடும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். பெரியவர்கள் தயங்குகிற வாசலில் அவர்களுக்குத் தயக்கம் குறைவு.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பங்குப் பேரவை உட்கார்ந்து அன்பிய எல்லைகளை மறுபடி வரையட்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு தெருக் குடும்பங்களும் இருக்கும்படி. தூரம் காரணமாக முடியாத ஊரில் மாதம் ஒரு கூட்டத்தையாவது சேர்த்து வைக்கட்டும், ஒரு மாதம் அந்தத் தெரு, மறுமாதம் இந்தத் தெரு. வீட்டுக்காரர் பெயரைப் பட்டியல் போட்டு, விருப்பமிருந்தால் என்று விடாமல் வரிசைப்படி நடத்தட்டும். முதலில் சிலர் வர மாட்டார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுக்காகப் பழைய எல்லைக்குத் திரும்பக் கூடாது. பங்குத்தந்தை வருகிற கூட்டம் என்றால் ஆண்களும் வந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தைத் தலித் குடியிருப்பில் வைக்கட்டும், இரவுச் சாப்பாடும் அங்கேயே இருக்கட்டும்.